படியிறங்கி வந்த வெளிச்சம்

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு சித்திரை மாதத்தில், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி வாக்கில், மில் காலனி பி பிளாக்கின் மாடிப்படி வழியாக வெளிச்சம் கீழே இறங்கி வந்தது. ஓடி வரவில்லை, பாய்ந்து வரவில்லை. வடித்த கஞ்சி சரிவில் போகுமே, அந்த மாதிரி ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று, விளிம்பில் திரண்டு, அடுத்த படிக்குச் சொட்டி, அப்படியே தரைத்தளம் வரைக்கும் வந்து, கட்டிய மேஸ்திரி கணக்குத் தப்பி ஒரு சாண் பள்ளமாகப் போட்டுவிட்ட ஒன்றாம் நம்பர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தது. அந்த வீட்டுச் சண்முகவடிவு அப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மேலே யாரோ வாளியைத் தட்டிவிட்டார்கள் என்று நினைத்து, மழைக்காலத்துப் பழக்கத்தில் பழைய துணியை எடுத்து வந்து துடைத்து வாளியில் பிழிந்தாள். அரை வாளி நிறைந்ததும் அதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இது தண்ணி இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள். தரையில் கிடப்பது தண்ணீரானால் என்ன, வெளிச்சமானால் என்ன, அவள் புருசன் படுக்கிற இடம் அது.

ஏன் வந்தது என்று பி பிளாக்கில் யாரும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நான்கு தளம், எட்டு வீடு, ஒரு மாடிப்படி. அவரவர் வேலை அவரவருக்கு. மூன்றாம் நாளுக்குள் அவர்கள் கண்டுகொண்டது ஒன்றுதான்: யாருக்கும் உபயோகப்படாமல் எரிகிற கரண்ட் மட்டும்தான் இப்படி வடிகிறது. முதல் மாடி ஜெபமணி டீச்சர் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துகிற ட்யூப்லைட்டிலிருந்து ஒரு சொட்டு இறங்காது. அவர் பள்ளிக்கூடம் போனபிறகும் அது எரிந்துகொண்டிருந்தால், பால் நிறத்தில் கதவிடுக்கு வழியாகக் கசியத் தொடங்கிவிடும். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அதற்கு நேர் கீழே வெளிறிய நீலத்தில் ஒரு வட்டம் தேங்கும். ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டுச் சுவரில் அணைக்காமல் போன டிவியிலிருந்து குன்றிமணி மாதிரி சிவப்புச் சிவப்பாய் உதிரும். பிரிட்ஜிலிருந்து வருவது கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும், இஸ்திரிப் பெட்டியிலிருந்து வருவது வெதுவெதுப்பாக இருக்கும். எல்லாம் ஒன்றாய்க் கலந்து, படியிறங்கி, பகல் முழுக்க வடிவு வீட்டில் முழங்கால் ஆழத்துக்கு நின்றது.

அந்தப் பகலில்தான் மாசானமுத்து தூங்கியாக வேண்டும். நூல் மில்லில் மற்றவர்களுக்கெல்லாம் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். மாசானத்துக்கு மட்டும் பதினோரு வருசமாக இரவு ஷிப்ட்தான். அவனே கேட்டு வாங்கிக்கொண்டது. அவர்களுடைய ஒரே மகள் கோமு ஆறு வயசில், மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கோமுவுக்கு இருட்டென்றால் பயம். லைட்டை அணைத்த மறு நிமிடம் பாயின் அந்த ஓரத்திலிருந்து "அப்பா" என்று ஒரு குரல் வரும், "இங்கனதான் இருக்கேன்" என்று மாசானம் சொன்னால்தான் அது அடங்கும். அந்தக் குரல் வராத இருட்டில் படுத்துக் கிடக்க அவனால் முடியவில்லை. நூல் நூற்கிற ஆயிரம் கதிர்கள் சுற்றுகிற இரைச்சலுக்குள் போய் ராத்திரியெல்லாம் நின்றுகொண்டு, அறுந்த நூலை ஒட்டுவதும் அறுந்ததை ஒட்டுவதுமாகக் காலத்தை ஓட்டினான். வடிவு தன் பங்குக்கு, கோமுவின் படத்துக்கு மேலே ஒரு சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பை மாட்டினாள். பிள்ளை எங்கே இருந்தாலும் இருட்டில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் அவள் எண்ணம். பல்பு போனால் ஒரு மணி நேரத்துக்குள் புதுசு வந்துவிடும், மற்றபடி அது இரவும் பகலும் அணைந்ததில்லை. ஜீரோ என்று எழுதியிருப்பதால் அது கரண்டே இழுக்காது என்று ஊரில் பாதிப்பேர் நம்புவதுபோல அவளும் நம்பினாள்.

காலையில் ஏழரைக்கு வந்து, குளித்து, பழையதைக் கரைத்துக் குடித்து, முழங்கையைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்தானென்றால் மூன்று மணி வரைக்கும் கல்லாய்க் கிடப்பான். கனவு கினவு ஒன்றும் கிடையாது. அப்படிப்பட்ட தூக்கத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. ஜன்னலில் சாக்குத் தொங்கவிட்டாள், கண்ணில் ஈரத்துணி கட்டினாள், பாய்க்கு அடியில் பலகை போட்டு, நாலு செங்கல் வைத்து உயர்த்தினாள். வெளிச்சம் செங்கல்லையும் தாண்டி ஏறி, துணிக்குள் புகுந்து, மூடிய இமைக்கு உள்பக்கமாகப் போய் நின்றது. மாசானம் புரண்டு புரண்டு படுத்தான். தண்ணீருக்குள் கிடக்கிற ஆளைப்போல அவன் நெளிவது தெரிந்தது.

ஆனால் பி பிளாக்கோ திருவிழாக் கோலம் கொண்டுவிட்டது. ஒன்றாம் நம்பர் வாசலில் கூழ்வத்தல் ஊற்றினால் அரை நாளில் காய்ந்தது. நரைத்த முடியை அதில் அலசினால் கருக்கும் என்று யாரோ கிளப்பிவிட, ஏ பிளாக் பெண்கள் மதியம் முழுக்க வரிசையில் நின்றார்கள். ஒருத்திக்கும் கருக்கவில்லை, ஆனால் அலசிய தலையோடு வெயிலில் நடந்தபோது எல்லோரும் நாலு வயசு குறைந்தவர்களாகத் தெரிந்தார்கள், அதனால் யாரும் குறை சொல்லவில்லை. புதுக் கல்யாணமான ஒரு ஜோடி காலை நனைத்துவிட்டுப் போனது. அந்தி சாய்கிற நேரத்தில் குடத்தோடு வந்து மொண்டுகொண்டு போய், சொம்பில் ஊற்றி அலமாரி மேல் வைத்தால் எட்டு மணி வரைக்கும் கூடம் முழுக்கத் தெரியும் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. சொம்பு வெளிச்சம் சும்மா கிடைக்கிறதே என்ற ஆசையில், அது நிறைய வரவேண்டும் என்பதற்காக, மேலே உள்ளவர்கள் ஆளில்லாத அறைகளில் வேண்டுமென்றே விளக்கைப் போட்டு வைத்தார்கள். பத்துச் சொட்டு கரண்டைக் கொட்டி ஒரு சொட்டு வெளிச்சத்தைச் சும்மா வாங்கினார்கள். இந்தக் கணக்கு யாருக்கும் இடிக்கவில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஐயம்பெருமாள் மூன்றாம் மாடியில் இருந்தார். அதிசயத்துக்கு ஒரு தீர்மானம் போடாவிட்டால் சங்கம் எதற்கு என்று கூட்டம் கூட்டி, வடிவு வீட்டு வாசலை ஒட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி வெளிச்சத்தைச் சேமிப்பதென்று முடிவெடுத்தார். செங்கல் வந்து இறங்கிய அன்றைக்கு வடிவு அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளு ஒழுங்காத் தூங்கி பத்தொம்பது நாளாச்சு. தயவு பண்ணி மேலருந்து வடியுறத நிப்பாட்டச் சொல்லுங்க."

"ஏம்மா வடிவு, ஊரெல்லாம் வந்து கும்பிட்டுட்டுப் போவுது. ஒங்க வீட்டுக்குள்ள மகாலச்சுமி முழங்கால் ஆழத்துக்கு நிக்கா. நீ என்னடான்னா அவள வெரட்டச் சொல்லுத."

"அந்த மகாலச்சுமிய ஒங்க வீட்டுலயே நிப்பாட்டிக்கிடுங்க அண்ணாச்சி. எங்க வீட்டுல ஒருத்தர் படுக்கணும்."

ஐயம்பெருமாள் சிரித்தார், சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள், தொட்டி எழும்பியது. வடிவு கோபத்தில் கீரைக்கு உப்பை இரண்டு தடவை போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மாசானம் சட்டையில் வலது கைத்துணி இல்லாமல் வந்தான். தோள்பட்டையிலிருந்து துணி பிய்ந்து போயிருந்தது. "கண்ணு ஒரு நிமிசம் சொக்கிட்டு. மிஷின் இழுத்துட்டு. சட்டதான் போச்சு, வடிவு, ஒண்ணுமில்ல" என்றான். அவள் அந்தக் கையைப் பிடித்து, தோள் முதல் விரல் வரைக்கும் தடவிப் பார்த்தாள். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்தினாள். பிறகு வாளியையும் துடைக்கிற துணியையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

கெஞ்சப் போகவில்லை, தடம் பார்த்துப் போனாள். வெதுவெதுப்பான ஆரஞ்சுத் தாரையைப் பிடித்துக்கொண்டு ஏறினால் அது ஜெபமணி டீச்சர் வீட்டில் கொண்டுபோய் விட்டது. டீச்சர் தினமும் காலையில் ஒரே ஒரு சேலைக்காக இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, தேய்த்து முடித்து, கொசுவம் வைக்கிற அவசரத்தில் அணைக்க மறந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர்.

"ஞாயித்துக்கெழம ஒரே மூச்சா வாரம் பூராத்துக்கும் தேச்சிருங்க டீச்சர். கடைசி ரெண்டு துணி இருக்கும்போதே சுவிட்ச அமத்திட்டா, இருக்க சூட்டுலயே கைக்குட்ட, ரவிக்க எல்லாம் ஓடிரும்."

ஜெபமணி டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "கடைசியா கிளாஸ விட்டுப் போறவங்க லைட்ட அணைக்கணும்னு முப்பது வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன் வடிவு. நானே..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்ச் சுவரில் இருந்த எல்லாச் சுவிட்சையும் ஒரு தடவை அணைத்தார். தான் நின்ற இடத்து லைட்டையும் சேர்த்து அணைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே அதை மட்டும் திரும்பப் போட்டார்.

ஜில்லென்ற வெள்ளைத் தாரை இரண்டாம் மாடி ரஹ்மத்தின் அடுப்படியிலிருந்து வந்தது. பிரிட்ஜ் சுவரோடு சுவராக அப்பிக்கொண்டு நின்று, முதுகு கொதித்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அப்போதுதான் இறக்கிய கறிக்குழம்பு ஆவியோடு இருந்தது.

"சுவத்தோட ஒட்டி வச்சாத்தான் லெச்சணமா இருக்குன்னு அவுக சொன்னாக, மைனி."

"அதுக்கும் மூச்சு விட எடம் வேணும்லா, ரஹ்மத். கொதிக்கக் கொதிக்கக் கொழம்ப உள்ள வச்சா அது என்ன பாடுபடும்? ஆறவச்சு வையி."

இரண்டு பேருமாகப் பிரிட்ஜை ஒரு சாண் முன்னால் இழுத்தார்கள். கதவிடுக்கில் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள் வடிவு. தடுக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் தேய்ந்து கிடந்தது. ரப்பர் மாற்றிய மறுநாள் இரண்டாம் மாடிப் படிகள் பதினாலும் காய்ந்து சாதாரணப் படிகளாக ஆயின. அந்தப் படிகளில் வத்தல் வைத்திருந்த ஒருத்தி மட்டும் வடிவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாம் மாடிதான் மலையாக நின்றது. ஐயம்பெருமாள் பகலிலும் ஏசியைப் பதினெட்டில் வைத்து, குளிர் தாங்காமல் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர். மாடித் தொட்டி நிறைந்து வழிகிற வரைக்கும் மோட்டாரை ஓடவிட்டு, வழிகிற சத்தம் கேட்டபிறகு சாவகாசமாக எழுந்து அணைப்பவரும் அவர்தான். வடிவு சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மீட்டர் பார்க்க வருகிறவர் வந்து, அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தொகையைப் பார்த்ததும், ஐயம்பெருமாளுக்குக் கம்பளி இல்லாமலே வேர்த்தது, ஏசிக்குள் உட்கார்ந்தும் வேர்த்தது. வடிவின் வார்த்தை செய்யாததை அந்த அட்டை செய்தது என்பதை மறைப்பதில் பிரயோசனமில்லை, மனுசன் அப்படித்தான். அன்று சாயங்காலமே அவர் படியிறங்கி வந்து, வெளிச்சத்தில் வேட்டி நனைய நின்று, "நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார்.

ஏசியை இருபத்தாறில் வைத்து மெதுவாக ஃபேனையும் சுற்றவிட்டால் அதே குளிர்ச்சிதான், கம்பளிக்கு வேலை இல்லை என்றாள் வடிவு. மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டி கட்டச் சொன்னாள். சங்கத் தொட்டிக்கு வாங்கிய பணத்தில் மிச்சம் இருந்ததை எடுத்து மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள்; அன்றைக்கு மேலே ஏறிப் பார்த்த காக்கைகள் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு எதிர் பிளாக்கில் போய் உட்கார்ந்தன. ஐயம்பெருமாள் போர்வையை மடித்து வைத்தார். மோட்டார் ஓடும் நேரம் முழுக்க அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

வெளிச்சம் வற்றத் தொடங்கியது. முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு, கணுக்காலிலிருந்து மெட்டி மூழ்குகிற அளவுக்கு. குடத்தோடு வந்தவர்கள் சொம்போடு வந்தார்கள், பிறகு வரவில்லை. கட்டிய தொட்டியில் ரஹ்மத் புதினா போட்டாள். எட்டு வீட்டுப் படிகளும் காய்ந்தன. ஆனாலும் ஒன்றாம் நம்பர் வீட்டுத் தரையில் ஒரு விரல் கனத்துக்குச் சிவப்பாய் ஒரு வெளிச்சம் மட்டும் போகவே இல்லை. காலையில் துடைத்தால் மதியம் தேங்கிவிடும். மாசானம் முன்னைக்கு இப்போது கொஞ்சம் அயர்ந்தான், ஆனால் அயர்ந்த பத்தாவது நிமிடம் கண் விழித்தான். கண்ணுக்குக் கீழே கரி அப்பியதுபோல் இருந்தது. வடிவு அவன் சட்டைக்குப் புதுக் கை தைத்துப் போட்டிருந்தாள், அவன் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்து அனுப்பினாள்.

மேலே யார் வீட்டில் மிச்சம் என்று பார்க்க மறுபடியும் ஏறினாள். முதல் மாடி காய்ந்திருந்தது. இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி, மொட்டை மாடி எல்லாம் காய்ந்திருந்தன. இறங்கி வந்து, தன் வீட்டுத் தரையில் முட்டி போட்டு, துணியால் ஒற்றி ஒற்றி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து திரும்பி வருகிறது என்று தவழ்ந்துகொண்டே போனாள். அது அடுப்படியிலிருந்து வரவில்லை. வாசலிலிருந்து வரவில்லை. சுவரோரமாக வந்தது. சுவரில் அண்ணாந்து பார்த்தாள். சிவப்புப் பல்பிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, விழுந்து, படத்துக் கண்ணாடியில் கோமுவின் நெற்றியில் பட்டு, மூக்கு வழியாக, கன்னத்து மையின் மேலாக வழிந்து, சட்டத்தில் கொஞ்சம் நின்று, சுவரில் இறங்கி, மாசானத்தின் பாயோரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

யாருக்கும் உபயோகப்படாத கரண்ட் மட்டும்தான் வடியும். எட்டு வீட்டுக்கும் ஏறி இறங்கி அதைச் சொன்னவள் அவள்தான். துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். பதினோரு வருசம். அந்தப் பல்பு பதினோரு வருசமாக யாருக்கும் எரியவில்லை என்பதை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும், வடிவு" என்றான் மாசானம், கண்ணைத் திறக்காமல். "மொத நாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஒங்கிட்ட அத எப்படிட்டி சொல்லுவேன்."

வெளியே புளியமரத்தில் அணில் கத்திக்கொண்டிருந்தது. வடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பிள்ள பயப்படுவாளே."

"இருக்கட்டும். எரியட்டும். நான் எப்படியாவது சமாளிச்சுக்கிடுதேன்" என்றான் அவன், கையைக் கண்மேல் போட்டுக்கொண்டு.

அந்தக் கையைத்தான் அவள் பார்த்தாள். தோளில் அவள் போட்ட தையல், அதற்குக் கீழே அவன் கை, ஐந்து விரல். எழுந்து சுவிட்ச் போர்டுக்குப் போனாள். மேலே இருந்த சுவிட்சுகளெல்லாம் கைபட்டு மழுங்கிக் கிடக்க, ஓரத்தில் இருந்த அந்த ஒன்று மட்டும் இரண்டு தடவை அடித்த பெயிண்டுக்கு அடியில் இறுகிப்போயிருந்தது. ஒரு கட்டைவிரலால் அழுத்தினாள், அசையவில்லை. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆளையே தள்ளுவதுபோல் அழுத்தினாள். டக்கென்று விழுந்தது.

சாக்குத் தொங்கிய ஜன்னலுக்குள், நடு மதியத்தில், அந்த வீட்டுக்குள் இருட்டு வந்தது. வந்து, பழகாத வீட்டுக்கு வந்த விருந்தாளியைப்போல வாசல் பக்கமே கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, மெதுவாக ஒவ்வொரு மூலையாகப் போய் உட்கார்ந்தது. தரையிலிருந்த சிவப்பு வற்றியது. வடிவு படத்துக்குக் கீழே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, "இங்கனதான் இருக்கேன், பயப்படாத, இங்கனதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்தக் குரலும் வரவில்லை. மாசானத்தின் மூச்சு மட்டும் நீண்டு, இன்னும் நீண்டு, ஆழத்துக்குப் போய்விட்டது.

மூன்று மணிக்கு அவன் எழுந்திருக்கவில்லை. ஷிப்டுக்குச் சங்கு ஊதியது, வடிவு எழுப்பவில்லை. பதினோரு வருசத்தில் முதல் தடவையாக மாசானம் வேலைக்குப் போகாமல் ராத்திரியில் தன் வீட்டில் படுத்திருந்தான். இடையில் ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தான். ஒரு தடவை யாருக்கோ இடம் விடுவதுபோல ஒதுங்கிப் படுத்தான்.

மறுநாள் பால்காரர் மணி அடிக்கும்போதுதான் கண் விழித்தான். எழுந்து உட்கார்ந்து, பாயின் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வடிவு அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"வந்தாளா?"

"வந்தா. ஒசந்துட்டா வடிவு. ஒன் தோளுக்கு மேல இருக்கா. ரெட்டச் சட போட்டிருக்கா."

"இருட்டா இருக்கேன்னு பயந்தாளா?"

"எங்க பயந்தா? 'இப்பமாவது அமத்தத் தோணிச்சே. இத்தன வருசமா அந்த லைட்டு என் கண்ணுலயே அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, தூங்கவே முடியல'ன்னு ஒன்னத்தான் ஏசினா. ஏசிட்டு எம் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டா."

வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. பால் வாங்கி வைத்தாள், காய்ச்சவில்லை. வாசல் கதவைச் சாத்தினாள். ஜன்னல் சாக்கை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள். தலையணையை எடுத்து வந்து பாயில் போட்டாள்.

"நவுந்து படுங்க" என்றாள். "நானும் அவளப் பாக்கணும்."